நிலத்தைப் பகுக்கும் நியாயம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு தேசத்தின் நிலப்பரப்பை இயற்கைப் பிரதேசங்களாகப் பகுத்துக் காட்டுவது புவியியல் சாஸ்திரத்தின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. அறிஞர்கள் ஒருவரோடொருவர் மிகுதியாகச் சச்சரவிட்டுக்கொண்ட தொழிலும் அதுவே. பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் வடக்கே இமயமலை ஒரு நிறத்திலும், அதன் அடியில் கங்கைச் சமவெளி ஒரு நிறத்திலும், தெற்கே தக்காணப் பீடபூமி ஒரு நிறத்திலும், இருபுறத்துக் கடற்கரைகள் வேறொரு நிறத்திலும் தீட்டப்பட்டிருப்பதைப் பார்க்கும் சிறுவன், அந்நிறங்களுக்கு நடுவே ஓடும் கோடுகள் ஆறுகளையும் மலைகளையும் போலப் பூமியிலேயே கிடப்பவை என்று எண்ணிக்கொள்கிறான். அவ்வெண்ணம் கல்லூரிக்கு வந்த பின்னும் பலரை விட்டு நீங்குவதில்லை. ஆனால் இந்த ஒரே பாரத தேசத்தை, 1951-ஆம் ஆண்டு மக்கட்கணக்கை நடத்திய ஆர். ஏ. கோபாலசாமி 5 இயற்கைப் பிரதேசங்களாகவும், அவற்றுள் 15 உட்பிரதேசங்களாகவும், அவற்றுள்ளும் 52 பிரிவுகளாகவும் வகுத்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்து ஆர். எல். சிங்கைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1971-இல் வெளிவந்த பெருநூல் இடைநிலைப் பிரதேசங்கள் 28 என்றது. 1988-இல் திட்டக்குழு வேளாண் தட்பவெப்ப மண்டலங்கள் 15 என்றது. அதே ஆண்டில் ரோட்ஜர்ஸ், பன்வார் என்னும் இரு வனவுயிர் அறிஞர்கள் உயிர்ப்புவியியல் மண்டலங்கள் 10 என்றனர். நாகபுரியிலுள்ள தேசிய மண் ஆய்வு நிறுவனத்தார் சில ஆண்டுகள் கழித்து வேளாண் சூழல் பிரதேசங்கள் 20 என்றனர். இத்தனை பேரும் பார்த்தது ஒரே நிலத்தை. ஒருவரும் பொய் சொல்லவில்லை.

இக்கணக்குகளின் வேற்றுமையைக் கண்டு, இதெல்லாம் அவரவர் மனோதர்மம் என்று கைகழுவிவிடுவது எளிது. நான் அக்கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். பிரதேசப் பகுப்பில் சரியும் உண்டு, தவறும் உண்டு; ஆனால் அந்தச் சரி எதில் இருக்கிறது என்பதைத்தான் நாம் தவறான இடத்தில் தேடிவருகிறோம் என்பது என் அபிப்பிராயம். உயரமோ, பாறையோ, மழையோ, தாவரமோ ஏதேனும் ஒன்றைப் பிரமாணமாகக் கொண்டு, மேல்மட்டம் முதல் கீழ்மட்டம் வரை அதனையே பிடித்துச் செல்வதுதான் தர்க்க சுத்தமான முறை என்று நம் பாடநூல்கள் கற்பிக்கின்றன. ஒரே மரக்காலைக் கொண்டு நெல்லையும் நெய்யையும் பொன்னையும் அளக்கச் சொல்வதுபோன்ற சுத்தம் அது. எந்த இடத்தைத் தாண்டினால் நிலம் வேறு விதமாக நடந்துகொள்ளத் தொடங்குகிறது என்னும் கேள்வி எங்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும். அதற்கு விடை சொல்லும் சாட்சி மட்டும் இமயத்தில் ஒருவராகவும், கங்கைக் கரையில் ஒருவராகவும், தக்காணத்தில் மற்றொருவராகவும் இருப்பது குற்றமன்று. இந்த ஒரு கருத்தை இந்தியாவின் நிலப்பரப்பைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

ஒரே பிரமாணத்தை விடாப்பிடியாகப் பிடித்தவர்களுள் முதல்வராகச் சொல்லத்தக்கவர் பிரெஞ்சு தேசத்து ஃபிலிப் புவாஷ். 1752-இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் அவர் வைத்த கோட்பாட்டின்படி, பூமியின் மேற்பரப்பு முழுவதும் ஆற்றுப்படுகைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு படுகையை மற்றொன்றிலிருந்து பிரிப்பது மலைத்தொடர். ஆகவே படுகைகளே இயற்கை வகுத்த பிரதேசங்கள். கேட்பதற்கு எத்தனை அழகு! ஆனால் அழகுக்கு விலை உண்டு. இரண்டு ஆறுகள் பிரியும் இடத்திலெல்லாம் மலை இருந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தால் இல்லாத மலைகள் படங்களில் முளைத்தன. கடலின் அடியிலும் அத்தொடர்கள் நீண்டு சென்றன. நம் நாட்டில் அம்பாலாவின் பக்கம் நின்று பார்த்தால் அக்கோட்பாட்டின் கதி விளங்கும். சிந்துவுக்குச் செல்லும் நீரையும் கங்கைக்குச் செல்லும் நீரையும் பிரிக்கும் மேடு அங்கேதான் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டர்கூட இல்லாத அந்தச் சமநிலத்தில், அதன் மேல் ஏர் ஓட்டிச் செல்லும் குடியானவனுக்கே அப்படி ஒரு மேடு இருப்பது தெரியாது. இப்புறமும் அப்புறமும் ஒரே கோதுமை, ஒரே மண், ஒரே வெயில். மறுபுறம், காவிரியின் படுகை ஒன்றே என்றாலும், குடகின் மழைக்காடும், மைசூர்ப் பீடபூமியின் கேழ்வரகு மேடும், கொங்கு நாட்டின் வறண்ட வெளியும், தஞ்சையின் வண்டல் வயலும் அதற்குள் அடங்கிக் கிடக்கின்றன. நீரைப் பங்கிட்டுக் கொடுப்பவனுக்குப் படுகை என்பது தவிர்க்க முடியாத அலகு. நிலத்தின் சுபாவத்தை அறிய விரும்புகிறவனுக்கு அது போதாது.

புவாஷுக்குப் பின் வந்தவர்கள் அவரவர் தேசத்தின் அமைப்புக்கேற்ப வேறு வேறு தலைமைக் காரணிகளைத் தேர்ந்துகொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ரஷ்யாவின் பெருவெளியில் மலையும் இல்லை, பள்ளமும் இல்லை. வடக்கிலிருந்து தெற்கே போகப் போக வெப்பமும் ஈரமும் மாற, அவற்றோடு மண்ணும் தாவரமும் படிப்படியாக மாறுவதைக் கண்ட தோக்குச்சாயெவ், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மண்ணை முன்னிறுத்தி இயற்கை மண்டலக் கோட்பாட்டை வகுத்தார். அமெரிக்காவில் ஃபென்னமன் பாறை அமைப்பையும் நில வடிவத்தையும் கொண்டு அந்நாட்டை 8 பெரும் பிரிவுகளாகவும், 25 மாகாணங்களாகவும், 86 கூறுகளாகவும் பிரித்தார். பிரான்சில் விதால் த லா பிளாஷ் 1903-இல் வெளியிட்ட நூலில், குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெயரிட்டு வழங்கிய சிறு சிறு நாடுகளையே தம் ஆராய்ச்சிக்கு அலகாக எடுத்துக்கொண்டார். பாரிஸுக்குத் தெற்கேயுள்ள போஸ், கிழக்கேயுள்ள பிரி ஆகிய இரண்டும் உயரத்தில் பெரிதும் வேறுபடாத பீடபூமிகளே என்றாலும், ஒன்று மரமற்று உலர்ந்த கோதுமை வெளி, மற்றொன்று களிமண் ஈரம் தங்கிய தோப்பும் பண்ணையும். உயரத்தைக் காட்டும் படத்தில் இந்த வேற்றுமை தென்படாது. ஊராரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஹெர்பர்ட்சன் 1905-இல் உலகம் முழுவதையுமே தட்பவெப்பத்தை முதன்மையாகக் கொண்டு இயற்கைப் பிரதேசங்களாக வகுத்துக் காட்டினார். நம் தேசத்தைப் பற்றி ஸ்டாம்பும் பேக்கரும் எழுதினார்கள்; சென்னையில் 1926-இல் தொடங்கப்பெற்ற புவியியற் சங்கத்தின் இதழில் 1939-ஆம் ஆண்டு பித்தாவாலா இந்தியாவின் நிலவடிவப் பிரிவுகளைப் பற்றி எழுதினார்; 1954-இல் ஸ்பேட்டின் நூல் வந்தது. இவர்களுடைய பட்டியல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன்.

இங்கே ஒரு வேற்றுமையைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஏனெனில் இதனை விட்டுவிட்டதால் விளைந்த குழப்பம் கொஞ்சமன்று. ஹெர்பர்ட்சன் வகுத்தவை வகைகள். மத்தியதரைக்கடல் வகை என்று அவர் சொன்னால் அது இத்தாலியிலும் இருக்கும், கலிபோர்னியாவிலும் இருக்கும், சிலியின் நடுப்பகுதியிலும், ஆப்பிரிக்காவின் தென்முனையிலும் இருக்கும். விதால் வகுத்தவை தனிப் பிரதேசங்கள். போஸ் என்பது உலகத்தில் ஒன்றே ஒன்று. தமிழறிந்த இந்த அவைக்கு இவ்வேற்றுமையை விளக்கப் பிற தேசங்களுக்குப் போகவேண்டியதில்லை. தொல்காப்பியம் சொல்லும் திணைகள் வகைகள். குறிஞ்சி எந்த மலையிலும் குறிஞ்சிதான். சோழநாடு, தொண்டைநாடு, கொங்குநாடு, நாஞ்சில்நாடு என்பவையோ தனிப் பிரதேசங்கள். இன்னொரு நாஞ்சில்நாட்டை எங்கும் காணமுடியாது. ஐந்திணையை நவீனப் புவியியலின் முன்னோடி என்று மேடைதோறும் பெருமை பேசுகிறவர்கள், திணை ஒழுக்கத்துக்குப் பின்னணியாக வகுக்கப்பட்டதேயன்றித் தேசப்படம் வரைய வகுக்கப்பட்டதன்று என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆயினும் அதில் ஒரு நுட்பம் உண்மையிலேயே போற்றத்தக்கது. நிலத்தை நான்காகக் கூறிய தொல்காப்பியம் பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்ற விளக்கத்தைச் சிலப்பதிகாரம் தருகிறது. நிலத்தில் ஓர் இடமாக இருப்பது வேறு, ஒரு காலத்து நிலையாக இருப்பது வேறு என்ற இந்தப் பாகுபாட்டை, செயற்கைக்கோள் படத்தில் சித்திரை மாதத்து வறட்சியைக் கண்டு பாலைவனம் என்று நிறம் தீட்டிவிடுகிற இக்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் கற்றுக்கொள்ளலாம்.

இனி நம் தேசத்தின் நிலத்துக்கு வருவோம். மேல்மட்டப் பகுப்பில் சச்சரவே இல்லை. இமயம், சமவெளி, தீபகற்பம் என்ற மூன்றும் பாறையாலும் வயதாலும் வடிவத்தாலும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை. எந்தக் காரணியைக் கையில் எடுத்தாலும் கோடு ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் விழும். அடுத்த படியில் இறங்கும்போதுதான் சோதனை.

கங்கைச் சமவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். மலையும் பீடபூமியும் வகுக்கப் பயன்பட்ட உயரக் கோடுகளைக் கொண்டு இதனை வகுக்க முயன்றால் படம் வெறுமையாகவே நிற்கும். தில்லி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 215 மீட்டர். அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போய்த்தான் நிலம் கடலைத் தொடுகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக ஒரு சாணுக்குமேல் சரிவு இல்லை. ஆகவே பாடநூல்கள் இதனை மேற்கங்கைச் சமவெளி, நடுக்கங்கைச் சமவெளி, கீழ்க்கங்கைச் சமவெளி என்று மழையின் அளவைக்கொண்டு குறுக்காக மூன்றாக அறுத்துவிட்டுத் திருப்தியடைந்துவிடுகின்றன. அது தவறென்று சொல்லவில்லை. ஆனால் அந்நிலத்தில் பிறந்து வளர்ந்தவனைக் கேட்டால் அவன் குறுக்காக வெட்டமாட்டான். நெடுக்காகவே பிரித்துச் சொல்வான். சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் மலையாறுகள் உருட்டிக்கொண்டு வந்து கொட்டிய கூழாங்கல்லும் பரலும் 8 முதல் 16 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையாகக் கிடக்கிறது. அதற்குப் பாபர் என்று பெயர். அங்கே பெரிய ஆறுகள் நீங்கலாக மற்ற ஓடைகளெல்லாம் மழைக்காலம் கழிந்ததும் பரலுக்குள் இறங்கி மறைந்துவிடும். கிணறு தோண்டினால் நீர் கிடைப்பது அரிது. அப்பட்டை முடியும் இடத்தில், மண் நயமாகத் தொடங்குமிடத்தில், மறைந்த நீரெல்லாம் மேலே ஊறி எழுந்து சதுப்பும் நாணலும் காடுமாகப் பரவும், அது தராய். இரண்டுக்கும் உயர வேற்றுமை அற்பம், மழையும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒன்றில் நீரின்றி மனிதன் தவித்தான், மற்றொன்றில் நீர் மிகுந்து மலேரியாவால் மடிந்தான். இங்கே பிரமாணம் மண்துகளின் பருமன். அதாவது நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பது.

தராய்க்குத் தெற்கே விரியும் வண்டல் நிலத்தையும் அம்மக்கள் இரண்டாக்கினார்கள். ஆண்டுதோறும் வெள்ளம் ஏறிப் புதுவண்டல் படியும் தாழ்நிலம் காதர். வெள்ளம் எட்டாத பழைய வண்டல் மேட்டு நிலம் பாங்கர். இரண்டுக்கும் இடையே ஒரு சிறு கரைமேடு. பல இடங்களில் சில மீட்டர்களே. அந்தச் சில மீட்டர்களுக்குள் எல்லாம் மாறிவிடுகிறது. பாங்கர் மண்ணைத் தோண்டினால் கங்கர் என்னும் சுண்ணாம்புக் கட்டிகள் வரும். நீர்ப்பாசனம் மிகுந்து வடிகால் குறைந்த இடங்களில் ரே என்னும் வெள்ளை உப்பு மேலே பூத்து நிலத்தைப் பாழாக்கும். ஊர்கள் மேட்டில்தான் இருக்கும். காதரில் மண் புதியது, ஈரம் கைக்கெட்டும் ஆழத்தில், விளைச்சல் செழிப்பு; ஆனால் ஆறு எந்த ஆண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாததால் நேற்று இருந்த வயல் இன்று ஆற்றின் நடுவே போய்விடக்கூடும். இமயத்தில் ஆயிரம் மீட்டர் செய்யும் வேலையை இங்கே ஐந்து மீட்டர் செய்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கிய படத்தில் இவ்வெல்லையைக் காட்டவே முடியாது என்பதால் அறிஞர் சிலர் இதனை உள்ளூர் விவரம் என்று ஒதுக்கினார்கள். சமவெளியில் இந்த உள்ளூர் விவரத்தைத் தவிர வேறு விவரமே இல்லை என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

தராயைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. சுதந்திரத்துக்குப் பின் டி.டி.டி. தெளித்துக் கொசுவை ஒடுக்கி, காட்டைத் திருத்தி, தேசப் பிரிவினையில் வீடிழந்து வந்த பஞ்சாபியர் பலரைக் குமாவுன் தராயில் குடியேற்றினார்கள். 1960-இல் பந்த்நகரில் வேளாண் பல்கலைக்கழகமும் எழுந்தது. காடு போனபின் தராய் என்னும் பிரதேசம் இருக்கிறதா, இல்லையா? தாவரத்தைப் பிரமாணமாகக் கொண்டவர் இல்லை என்று சொல்லவேண்டிவரும். நீர்மட்டத்தைப் பிரமாணமாகக் கொண்டவருக்கு அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாணல் நின்ற இடத்தில் நெல்லும் கரும்பும் நிற்பதற்கும் அதே நீர்தான் காரணம்.

சமவெளியில் பாறை ஒரு பொருட்டே அன்று. தீபகற்பத்தில் பாறையைப் பேசாமல் வாயைத் திறக்க முடியாது. ஆனால் அங்கேயும் பாறையே கடைசி வார்த்தையைச் சொல்லிவிடுவதில்லை. பம்பாயிலிருந்து புணேவுக்குப் போகும் ரயில் பாதையில், 1863-இல் திறக்கப்பட்ட போர் கணவாய் வழியாகச் செல்பவர், சில மணி நேரத்துக்குள் மூன்று பிரதேசங்களைக் கடக்கிறார். கர்ஜத் வரையில் கொங்கணம். நெல்வயலும் மாமரமும் காற்றில் உப்பீரமும். அங்கிருந்து வண்டி மலையேறி கண்டாலா, லோணாவளா என்னும் ஊர்களை அடையும்போது ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் உச்சிக்கு வந்துவிடுகிறது. அதற்கு அப்பால் இறங்கும் பள்ளத்தாக்குகளை மராட்டியர் மாவள் என்பர். பள்ளத்தில் வாசனை நெல், சரிவில் கேழ்வரகு. போகப் போக வயல்களின் வரப்பு தாழ்ந்து, நீர் தேக்கும் கரை மறைந்து, வானம் அகன்று, லோணாவளாவிலிருந்து 65 கிலோமீட்டருக்குள் புணே வரும்போது மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். இன்னும் கிழக்கே பாராமதிப் பக்கம் 500 அளவே. அது தேஷ்: சோளமும் கம்பும் கருவேல மரமும். இந்த மூன்று நிலங்களுக்கும் அடியில் கிடப்பது ஒரே பாறை. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்குமுன் பொங்கிப் பரவி உறைந்த எரிமலைக் குழம்பின் அடுக்குகள், ஏறத்தாழ ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர். பாறையைப் பிரமாணமாகக் கொண்டால் மூன்றும் ஒன்று. மழையைக் கொண்டால் மூன்றும் மூன்று.

தெற்கே வாருங்கள், நியாயம் தலைகீழாகிறது. ஏறத்தாழ 16 பாகை வட அட்சத்துக்குத் தெற்கே எரிமலைப் பாறை முடிந்து, பழம்பாறைகள் தொடங்குகின்றன. வடக்கே மேற்குத்தொடர்ச்சி என்பது உண்மையில் மலைத்தொடரே அன்று, பீடபூமியின் மேற்கு விளிம்பு படிப்படியாக உடைந்து கடலை நோக்கி நிற்கும் செங்குத்துச் சுவர். கிழக்கிலிருந்து வருகிறவனுக்கு மலையேறிய உணர்ச்சியே உண்டாகாது. தெற்கே நீலகிரியும் ஆனைமலையும் சார்னோக்கைட், நைஸ் பாறைகளாலான தனித்தனிப் பாளங்கள். தொட்டபெட்டா 2637 மீட்டரும் ஆனைமுடி 2695 மீட்டரும் உயர்ந்து, நான்கு பக்கமும் சரிந்து, மலை என்ற பெயருக்குத் தகுதியாக நிற்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. அமைப்பை நோக்கினால் வடக்கும் தெற்கும் வெவ்வேறு பிரதேசங்கள். ஆனால் மழையும் காடும் இந்தப் பாறை மாற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை. பசுமைமாறாக் காடு கொங்கணத்துக்குப் பின்னாலிருந்து அகத்தியமலை வரை இடையிடையே அறுபட்டும் தொடர்ந்தும் செல்கிறது. பாறைக்கோடும் மழைக்கோடும் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் இவ்விடத்தில், இரண்டுக்கும் சமமான மரியாதை செய்து ஒரே கோட்டை வரைவது எவராலும் ஆகாது. இது மலையின் குற்றமன்று.

கரிசல் மண்ணின் கதை இதைவிட வேடிக்கையானது. தக்காணத்து எரிமலைப் பாறை சிதைந்து கரிசல் மண் உண்டாகிறது என்று எல்லோரும் படித்திருக்கிறோம். அதனால் கரிசல் இருக்கும் இடமெல்லாம் எரிமலைப் பாறை இருக்கும் என்று முடிவு கட்டுகிறவர், கோவில்பட்டிக்கும் கோயம்புத்தூருக்கும் வந்தால் திகைத்துப் போவார். அங்கே கரிசல் இருக்கிறது; பருத்தி விளைகிறது; கோடையில் கால் நுழையும்படி வெடிக்கிறது; மழை பெய்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அடியில் இருப்பதோ நைஸ். குறைந்த மழை, நீண்ட கோடை, வடிகால் மந்தமான தாழ்நிலம், சுண்ணாம்புச் சத்து ஆகியவை கூடினால் வேறு பாறையிலிருந்தும் அவ்வகைக் களிமண் பிறக்கும். உழவன் மண்ணைப் பார்த்துத்தான் விதைக்கிறான். அடிப்பாறையின் வயதை விசாரித்து விதைப்பதில்லை.

நாகபுரி அறிஞர்கள் செய்த வகுப்பு இக்காரணத்தால் எனக்கு மற்றவற்றினும் உகந்தது. அவர்கள் மழையளவை மட்டும் கொண்டு கோடு வரையவில்லை. ஒரு நிலத்தில் பயிர் வாடாமல் நிற்கக்கூடிய நாட்கள் எத்தனை என்று கேட்டார்கள். வெயிலும் காற்றும் உறிஞ்சக்கூடிய ஈரத்தில் பாதிக்குக் குறையாமல் மழை தரும் நாட்களைக் கணக்கிட்டு, மழை நின்றபின் மண் தன்னுள் சேமித்த ஈரத்தைச் செலவழிக்கும் நாட்களையும் அதனோடு கூட்டினால் அந்த எண் கிடைக்கும். இதன்படி ஒரே அளவு மழை பெறும் இரண்டு ஊர்களில், ஆழமான கரிசல் உள்ள ஊருக்கு நாட்கள் கூடும். மெல்லிய செம்மண் உள்ள ஊருக்குக் குறையும். புணேவுக்குக் கிழக்கே ஐப்பசியில் விதைத்த சோளம் மழையே காணாமல் தை மாதத்தில் கதிர் முற்றுவது எப்படி என்பதற்கு மழைப்படம் விடை சொல்லாது. இந்தக் கணக்கு சொல்லும். நிலம் எப்படி நடந்துகொள்கிறது என்னும் கேள்வியை நேராகக் கேட்டதால் மழை, வெப்பம், மண் ஆகிய மூன்று சாட்சிகளும் தாமாக ஒரே வழக்கில் வந்து நின்றன.

ஆனால் நல்ல வகுப்பும் சர்க்கார் அலுவலகத்துக்குள் நுழைந்தவுடன் ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொள்கிறது. ஜனத்தொகை, விளைச்சல், கால்நடை முதலிய புள்ளிவிவரங்களெல்லாம் ஜில்லாவாரியாகவும் தாலுகாவாரியாகவும் திரட்டப்படுகின்றன. இயற்கைப் பிரதேசமோ ஜில்லா எல்லையில் நிற்பதில்லை. ஆகவே 1951-இல் மக்கட்கணக்கில் செய்ததுபோல, முழு ஜில்லாக்களைக் கூட்டி இயற்கைப் பிரிவு என்று பெயரிடவேண்டிய அவசியம் நேர்கிறது. நீலகிரி ஜில்லா முழுவதும் மலைதான், அங்கே தொல்லை இல்லை. கோயம்புத்தூர் ஜில்லாவிலோ வால்பாறையும் இருக்கிறது, சூலூரும் இருக்கிறது. ஒன்று தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டே இருக்கும் மலைச்சரிவு, மற்றொன்று மழை மறைவில் காயும் வெளி. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வருவது எந்த ஊருக்கும் பொருந்தாத ஒரு மழையளவு. கோபாலசாமி இதனை அறியாதவர் அல்லர். எண்களை விடுவதா, எல்லையை வளைப்பதா என்ற இக்கட்டில் எல்லையை வளைத்தார். அந்த வேலைக்கு அதுவே சரி.

எல்லையை வளைப்பதால் காகிதத்தில் மட்டும் மாறுதல் உண்டாவதாக நினைப்பவர்கள் மேற்குத்தொடர்ச்சி மலையைப் பற்றி நம் காலத்தில் நடந்த வழக்கை நோக்கவேண்டும். மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-இல் அளித்த அறிக்கையில் அம்மலையின் பரப்பு 1,29,037 சதுர கிலோமீட்டர். கஸ்தூரிரங்கன் தலைமையிலான குழு 2013-இல் அளித்த அறிக்கையில் அதே மலையின் பரப்பு 1,64,280 சதுர கிலோமீட்டர். இரண்டு ஆண்டுகளில் மலை வளரவில்லை. முதல் குழு, கிழக்கே 500 மீட்டருக்கு மேலும் மேற்கே 150 மீட்டருக்கு மேலும் உள்ள காட்டு நிலத்தைக் கொண்டு எல்லையை வரைந்தது. இரண்டாம் குழு, மலைப்பகுதி அபிவிருத்தித் திட்டத்தில் முன்பே சேர்க்கப்பட்டிருந்த தாலுகாக்களை அடிப்படையாகக் கொண்டது. உயரத்தையும் காட்டையும் கேட்டவருக்கு ஒரு மலை, நிர்வாகத்தைக் கேட்டவருக்கு ஒரு மலை. அக்கோட்டுக்கு உள்ளே இருந்தால் கல்குவாரி உண்டா இல்லையா, அணை கட்டலாமா கூடாதா என்னும் வியவகாரங்கள் தொடர்ந்து வந்ததால், ஆராய்ச்சிக் கூடத்தில் அமைதியாக நடக்கவேண்டிய விவாதம் இடுக்கியிலும் கோழிக்கோட்டிலும் கடையடைப்பாக வெடித்தது. மக்கள் அறியாமையால் எதிர்த்தார்கள் என்று சொல்லுகிறவர்களோடு நான் உடன்பட முடியாது. தங்கள் வயல் எந்தப் பிரமாணத்தால் மலையாயிற்று என்று அவர்கள் கேட்டார்கள், அந்தக் கேள்விக்கு அவர்களுக்கு விளங்கும் மொழியில் விடை சொல்ல எவரும் முன்வரவில்லை.

இறுதியாக, கோடு வரைவதையே தவிர்க்கும் ஓர் உபாயத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறேன். கன்னட நாட்டார் தங்கள் நிலத்தை மலெநாடு என்றும் பயலுசீமை என்றும் இரண்டாகப் பிரித்தனர். ஆங்கில ஆட்சிக்கால ஏடுகளிலும் மலெநாடு, மைதானம் என்ற பிரிவு ஏறியது. ஆனால் மேற்கிலிருந்து கிழக்கே போகும்போது காடும் நெல்லும் ஒரே நாளில் மறைந்து சோளமும் பருத்தியும் தோன்றுவதில்லை. தார்வாடத்தைச் சுற்றியும் அதற்குத் தெற்கேயும், ஆண்டு நல்ல மழையாக இருந்தால் மலெநாட்டைப் போலவும், பொய்த்தால் மைதானத்தைப் போலவும் விளங்கும் ஒரு நடுப்பட்டை இருக்கிறது. ஊரார் அதை அரைமலெநாடு என்றார்கள். பின்னர் கர்நாடகத்தை 10 வேளாண் தட்பவெப்ப மண்டலங்களாக வகுத்தவர்கள் அந்த நடுப்பட்டையை எந்தப் பக்கத்திலும் சேர்க்காமல், வடக்கு இடைநிலை மண்டலம், தெற்கு இடைநிலை மண்டலம் என்று தனிப் பிரதேசங்களாகவே ஏற்றுக்கொண்டு, அவற்றுக்கு ஏற்ற பயிரையும் விதைப்புக் காலத்தையும் தனியாகப் பரிந்துரைக்கிறார்கள். ஓர் எல்லைக்கோட்டைத் தவிர்க்கப் போய் இப்போது இரண்டு எல்லைக்கோடுகள் வந்து சேர்ந்தனவே என்று தர்க்கம் பேசுகிறவர் நகைக்கலாம். வந்து சேர்ந்தது உண்மை. ஆனால் மலெநாட்டுக்கும் மைதானத்துக்கும் நடுவே நேராகப் போட்ட ஒரு கோடு பத்துக் கிலோமீட்டர் தவறினால், நெல்லுக்கேற்ற யோசனை சோளக்காட்டுக்குப் போய்ச் சேரும். இடைநிலை மண்டலத்தின் விளிம்பில் அதே பத்துக் கிலோமீட்டர் தவறினாலோ, இரண்டும் தாங்கக்கூடிய நிலத்துக்கு இரண்டில் ஒன்று போய்ச் சேரும், அவ்வளவே.